கிழங்கு வேகும் குழியில் கால் வைத்தவர்கள்

பிஜிக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் "அங்கேயும் தீமிதி உண்டு, பார்த்தோம்" என்று சொல்வதுண்டு. படமும் காட்டுவார்கள். வட்டமான ஒரு குழி, குழி நிறையக் கற்கள், இலைப் பாவாடை கட்டிய ஆண்கள் வெறுங்காலோடு அந்தக் கற்கள்மேல் நடந்து போகிறார்கள். தீமிதி என்று சொல்லத்தான் தோன்றும். ஆனால் அதைச் செய்கிற பெங்கா தீவுக்காரர்கள் நெருப்பு என்ற சொல்லையே அதன் பெயரில் சேர்க்கவில்லை. அவர்கள் சொல்வது 'விலாவிலாய்ரேவோ'. 'ரேவோ' என்றால் அடுப்பு. முழுச் சொல்லுக்கும் அர்த்தம், அடுப்புக்குள் குதிப்பது.

நெருப்பையும் நடையையும் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அது அற்புதமா, தந்திரமா, இயற்பியலா என்று நூறு வருடத்துக்கும் மேலாக வாதம் நடக்கிறது. அந்த அடுப்பை எதற்காக மூட்டினார்கள், அதில் என்ன வெந்தது என்பதை மட்டும் பெரும்பாலானவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ கதையே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் ஊர். பிஜியின் பெரிய தீவு விட்டி லெவு. அதன் தென்கரையில் நவுவா என்ற சிற்றூர். அங்கிருந்து கடலில் சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே பெங்கா. எரிமலையால் எழும்பிய மேட்டு நிலம், மொத்தம் 36 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் பவளப்பாறை வளையம். ரோமன் எழுத்தில் இந்தப் பெயரைப் பார்த்தால் 'பெக்வா' என்று வாசிக்கத் தோன்றும். பிஜி மொழியில் 'க்யூ' எழுத்துக்கு 'ங்க' ஒலி, 'பி' எழுத்துக்கு 'ம்ப' ஒலி. ஆக, 'ம்பெங்கா'. ஆங்கிலேயர்கள் நாக்கைச் சுழற்றிக் கஷ்டப்பட்ட பெயர் நமக்கு அல்வா மாதிரி வருகிறது. தீவின் ஒரு பகுதியில், தாகுயிபெங்கா முதலிய ஊர்களில் வாழும் சாவாவு மக்கள்தான் இந்த அடுப்புக்கு உரிமைக்காரர்கள்.

பிஜியில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் தோட்டத்தில் குழி வெட்டுவார்கள். இந்தக் குழியடுப்புக்குப் பொதுப்பெயர் 'லோவோ'. குழியில் விறகை அடுக்கி, அதன்மேல் கற்களைப் போட்டுத் தீ மூட்ட வேண்டும். விறகு எரிந்து அமர்வதற்குள் கற்கள் நன்றாகக் காய்ந்துவிடும். எரியாமல் மிஞ்சிய கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கற்களைக் கழியால் பரப்பிச் சமன்படுத்துவார்கள். மேலே பச்சை மட்டை, அதன்மேல் சேப்பங்கிழங்கு, மரவள்ளி, மீன், கோழி, பன்றி. எல்லாவற்றையும் வாழையிலையால் மூடி, ஈரச் சாக்கு போர்த்தி, மண்ணைத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. கல்லின் சூடும் இலையின் ஈரமும் சேர்ந்து உள்ளேயே நீராவி கட்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் திறக்கலாம். சேப்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பொட்டலமாகக் கட்டி இதில் வேகவைக்கும் பதார்த்தத்துக்குப் 'பலுசாமி' என்று பெயர். கேட்டால் நம்மூர் மாமா யாரோ என்று தோன்றும். சமோவாக்காரர்களின் சொல் அது.

பானை இல்லாத மக்கள் வேறு வழியின்றிக் கண்டுபிடித்தது இந்தக் குழியடுப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். பிஜி விஷயத்தில் அது சரியில்லை. பிஜியில் முதலில் குடியேறியவர்கள் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் வரும்போதே மண்பாண்டம் செய்யத் தெரிந்துதான் வந்தார்கள். சிங்காத்தோக்கா ஆற்றுப் பக்கம் இன்றும் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே பானை செய்கிறார்கள். பானை கையில் இருக்கும்போதே குழியும் வெட்டினார்கள் என்றால், பானையால் முடியாத ஏதோ ஒன்று குழியால் முடிந்திருக்க வேண்டும். ஊருக்கே சமைப்பது அதில் ஒன்று. இன்னொன்று, மசாவே.

மசாவே நமக்குத் தெரிந்த செடிதான். சென்னையில் எந்த நர்சரிக்குப் போனாலும் நீள நீளமாகச் சிவப்பும் ஊதாவும் கலந்த இலைகளோடு தொட்டியில் நிற்கும். கேட்டால் டிரசீனா என்று சொல்லிக் கொடுப்பார்கள். தாவரவியல்படி அது கார்டிலைன், டிரசீனாவுக்கு உறவு. பசிபிக் தீவுகளில் பெரும்பாலும் 'டீ' அல்லது 'கீ' என்பார்கள். குடிக்கிற டீக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாம் இலைக்காக வளர்க்கிறோம், அவர்கள் வேரையும் தோண்டினார்கள். வயதான செடிக்கு அடியில் நார் மண்டிய பெரிய கிழங்கு இருக்கும். பச்சையாகக் கடித்தால் கட்டை. சாதாரணமாக அவித்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

காரணம், இந்தக் கிழங்கு தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைப்பதில்லை. பழச்சர்க்கரை அணுத்திரள்களை நீளச் சங்கிலியாகக் கோத்து வைக்கிறது. ஃப்ரக்டான் என்பார்கள், வெங்காயத்திலும் பூண்டிலும் கொஞ்சம் உண்டு. நம் குடலால் அந்தச் சங்கிலியை அறுக்க முடியாது. வெப்பத்தால் முடியும், ஆனால் ஈரத்தோடு, விடாமல், மிக நீண்ட நேரம் வெப்பம் இருக்க வேண்டும். அப்படி வேகவைத்து எடுத்தால் அதே கட்டைக் கிழங்கு பழுப்பேறி, வெல்லப்பாகு போல இனிக்கும். நாரை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பலாம், அல்லது சாற்றைப் பணியாரங்களில் சேர்க்கலாம். கரும்பு தீவுகளில் இருந்தது, கடித்துத் தின்றார்கள். காய்ச்சிக் கட்டியாக்கும் வழக்கம் இல்லை. பணியாரத்துக்கு இனிப்பு வேண்டுமென்றால் இந்த அடுப்பைத்தான் நம்ப வேண்டும்.

எவ்வளவு நேரம் வேக வேண்டும்? பெங்காவில் நான்கு நாள். மீனும் சேப்பங்கிழங்கும் வேகிற வீட்டுக் குழி இதற்குப் போதாது. சின்னக் குழியில் சூடு பக்கவாட்டிலும் மேலேயும் சீக்கிரம் கசிந்துவிடும். குழி பெரிதாக ஆக, உள்ளே அடங்கும் கல்லின் அளவு வேகமாகக் கூடும், சூடு வெளியேறும் பரப்பு அந்த அளவுக்குக் கூடாது. அதனால் நான்கு நாள் சூடு தாங்க வேண்டுமென்றால் குழி சில மீட்டர் அகலம், கல் ஒவ்வொன்றும் ஆள் தூக்க முடியாத கனம், விறகு முழு மரமாக, எரிப்பது மணிக்கணக்காக. குழி பெரிதானதும் இன்னொரு சிக்கல் வருகிறது. வீட்டு லோவோவில் கரையில் நின்றபடியே எல்லாக் கற்களையும் எட்டிவிடலாம். இதில் நடுவிலுள்ள கல்லை எட்ட முடியாது.

இப்போது சடங்கைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். விறகு எரிந்து தாழ்ந்ததும், நீண்ட கழிகளின் நுனியில் பச்சைக் கொடியை வளையமாகக் கட்டி, எரியும் கட்டைகளில் மாட்டி, எல்லோரும் ஒரே குரலில் பாடியபடி வெளியே இழுக்கிறார்கள். பிறகு கழிகளாலும் கொடிகளாலும் கற்களை உருட்டிச் சமன்படுத்துகிறார்கள். இலைக் கட்டால் சாம்பலைப் பெருக்கிவிடுகிறார்கள். பூசாரி பார்த்துச் சரி என்றதும் குரல் எழுகிறது, மறைவில் காத்திருந்தவர்கள் வரிசையாக வந்து குழிக்குள் இறங்கி ஒரு சுற்று நடக்கிறார்கள். கடைசியில் கற்கள்மேல் பச்சை இலையையும் புல்லையும் குவித்து, கிளம்பும் ஆவிக்கு நடுவே ஒருவரையொருவர் தழுவி நின்று பாடுகிறார்கள். கணுக்காலில் கட்டியிருந்த காய்ந்த இலைப் பட்டைகளைக் கழற்றி அங்கேயே போட்டு மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள்.

கட்டையை இழுப்பது, கல்லைச் சமன்படுத்துவது, சாம்பலைத் துடைப்பது, இலை பரப்புவது, மண் போட்டு மூடுவது. சமையல் வேலையில் ஒரு படிகூட விட்டுப்போகவில்லை. கல்மேல் நடப்பது ஒன்றுதான் கூடுதல். அந்த நடையும் ஒரு காலத்தில் இந்தப் பெரிய குழியின் நடுவை எட்டுவதற்குத் துணிந்தவர்களிடமிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், நிரூபிக்க முடியாது.

பெங்காவின் தொன்மக் கதையும் அடுப்படியைச் சுற்றித்தான் வருகிறது. ஒரு கதைசொல்லிக்குப் பரிசு தருவதாகச் சொன்ன துய் நா இவிங்கலிதா என்ற வீரன், விலாங்கு மீன் பிடிக்க நமோலிவாய் ஓடைக்குப் போகிறான். வளைக்குள் கைவிட்டு வழுவழுப்பான ஏதோ ஒன்றை இழுக்கிறான். வந்தது மீன் அல்ல, ஓடையின் தேவதை. விட்டுவிடு, உன்னைப் போரில் வெல்ல ஆளில்லாமல் செய்கிறேன் என்கிறது. இப்போதே ஆளில்லை என்கிறான். விளையாட்டில் வெற்றி தருகிறேன், பெண்களைத் தருகிறேன் என்று ஏலம் ஏறுகிறது. எனக்கு ஒருத்தி போதும் என்று அதையும் தள்ளிவிடுகிறான். கடைசியில், மசாவே வேகும் அடுப்பில் நான்கு நாள் புதைந்து கிடந்தாலும் உயிரோடு எழும் வரத்தைத் தருகிறேன் என்கிறது. சரி என்கிறான். அடுப்பு மூட்டுகிறார்கள். ஆனால் அந்த நேரம் வந்ததும் நான்கு நாள் உள்ளே படுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. நடந்துவிட்டு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டான். அந்த வரம்தான் வம்சத்துக்கு வந்தது. வீரனின் இந்தச் சின்னப் பயம்தான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். வரத்தின் கெடுவாகச் சொல்லப்படும் நான்கு நாள், கிழங்கு வேகும் கெடு என்பதையும் பார்க்க வேண்டும்.

1890களில் பசில் தாம்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி பெங்காவில் இதை நேரில் பார்த்து எழுதினார். பின்னாளில் லண்டன் காவல் துறையில் குற்றப் புலனாய்வுக்குத் தலைமை வகித்தவர், எதையும் சந்தேகத்தோடு பார்க்கிற கண். அவர் எழுதியதில் வரிசை தெளிவாக இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மசாவே பக்குவத்துக்கு வருகிறது, அதை நான்கு நாள் சுடப் பெரிய குழி வெட்டுகிறார்கள், கற்கள் காய்ந்து கிழங்கு வைக்கத் தயாரான அந்தக் கட்டத்தில்தான் வீரனின் வம்சத்தாரை அழைக்கிறார்கள். அதாவது நடை என்பது சமையலின் நடுவில் வந்த ஒரு கட்டம். நடந்து முடித்த பிறகு சமையல் தொடர்ந்தது.

பெங்காவில் மட்டும் இப்படி என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். கிழக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராரோடோங்காவிலும் ரயாத்தியாவிலும் தஹீத்தியிலும் இதே நடை இருந்தது. அங்கே அதன் பெயர் 'உமு டீ'. உமு என்றால் அடுப்பு, டீ என்றால் இதே செடி. பெயரில் நெருப்பும் இல்லை, நடையும் இல்லை.

ராரோடோங்காவில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த கர்னல் கட்ஜன் தானே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவர். 1899இல் அதை எழுதி வெளியிட்டார். அவரோடு இன்னும் மூன்று ஐரோப்பியர் நடந்தார்கள். ஒருவருக்கு மட்டும் கால் நன்றாகச் சுட்டுவிட்டது. அவர் விதியை மீறித் திரும்பிப் பார்த்துவிட்டார் என்று கட்ஜன் காரணம் சொல்கிறார். தனக்கு உள்ளங்காலில் லேசாக மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு பல மணி நேரம் இருந்தது என்கிறார். அதைவிட நல்ல இடம் அடுத்து வருகிறது. நடந்து அரை மணி கழிந்ததும் யாரோ ஒருவர், இந்தச் சூட்டில் கிழங்கு வேகாது என்று பூசாரியைச் சீண்டுகிறார். பூசாரி பேசவில்லை. கையிலிருந்த பச்சைக் கொப்பைக் கற்கள்மேல் எறிகிறார், சில நொடிகளில் அது பற்றி எரிகிறது. பிறகு வெந்த கிழங்கில் தன் பங்கைத் தின்றதாகவும், நன்றாகவே வெந்திருந்ததாகவும் கட்ஜன் முடிக்கிறார். அடுப்பு சுட்டதா என்பதற்கு இதைவிடச் சரியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

விஞ்ஞானி ஒருவரும் வந்தார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவரும், விமானம் பறக்கவைக்கப் பாடுபட்டவருமான சாமுவேல் லாங்லி, 1901இல் தஹீத்தியில் இதைப் பார்த்தார். குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார். சுமார் 12 நிமிடம் தண்ணீர் கொதித்தது. அதிலிருந்து கல்லின் சராசரிச் சூடு 1200 பாரன்ஹீட், அதாவது 650 செல்சியஸ் அளவு இருக்கும் என்று கணக்குப் போட்டார். பிறகு கல்லை வாஷிங்டனுக்கே கொண்டுபோய்ச் சோதித்தார். துளைகள் நிறைந்த எரிமலைப் பாறை அது. சிறு துண்டின் ஒரு முனையைச் சுடரில் காட்டிக்கொண்டே மறுமுனையைக் கையில் பிடித்திருக்கலாம், அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி. தோசைக்கல்லின் இரும்பில் விரல் பட்டால் நொடியில் கொப்பளிக்கும், அதன் மரக்கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிடுகிறோம் அல்லவா, அதே விஷயம்தான். கல்லுக்குள் சூடு இருக்கிறது, ஆனால் காலுக்கு மெதுவாகத்தான் வருகிறது. காலும் ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை.

லாங்லி அற்புதம் இல்லை என்று முடிவு கட்டினார். நியாயம்தான். ஆனால் அந்தக் கல் ஏன் அங்கே இருந்தது? ஆற்றுக்கல்லோ ஈரம் கோத்த கல்லோ சூட்டில் வெடித்துச் சிதறும். துளையுள்ள எரிமலைக் கல் மீண்டும் மீண்டும் காய்ந்தாலும் உடையாது, வாங்கிய சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடும். நான்கு நாள் சமையலுக்குத் தேடித் தேடிப் பொறுக்கிய கல்லின் அதே குணம் காலையும் காப்பாற்றியது. ஆனாலும் இதைப் படித்துவிட்டு யாரும் கொல்லைப்புறத்தில் முயல வேண்டாம். எல்லாக் கல்லும் அப்படி இல்லை, பழகியவர்களுக்கே சுட்டதுண்டு.

பெங்காவில் அதற்குக் காரணம் விரதபங்கம் என்பார்கள். நடப்பவர்கள் சில நாள் முதல் சில வாரம்வரை தனித்திருக்க வேண்டும், பெண் தொடர்பு கூடாது, தேங்காய் தொடக்கூடாது. முதல் விதி நமக்குப் பழக்கமானது. தேங்காய் விலக்குதான் புதிது. மூன்று வேளையும் தேங்காய்ப்பாலில் புழங்குகிற தீவில் அது லேசான விரதமில்லை.

விரதம் என்றதும் பிஜியில் வாழும் தமிழர்களின் பூக்குழி நினைவுக்கு வராமல் இருக்காது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் பிஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னிந்தியர்களும் போனார்கள், அவர்கள் 15,000 பேர் அளவு இருக்கும். அவர்களோடு மாரியம்மனும் போனாள். தலைநகர் சுவாவில் ஹாவெல் சாலை மாரியம்மன் கோயிலில் இன்றும் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் மஞ்சளாடை கட்டிப் பூ மிதிக்கிறார்கள். பெங்காவுக்குப் படகு ஏறுகிற நவுவாவிலும் ஒரு காலத்தில் கரும்பாலை ஓடியது, 1920களில் மூடினார்கள். ஒரே நாட்டில், கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழிகள். சுற்றுலாக் கையேடுகள் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிடுகின்றன. நம்முடையது தணல், அவர்களுடையது கல். நம்மது நேர்த்திக்கடன், அதில் எதுவும் வேகப்போவதில்லை. அவர்களுடையது கிழங்குக்காக வெட்டியது.

கரும்பைப் பற்றிச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. கூலிகளின் முதுகில் விளைந்த அந்தக் கரும்பிலிருந்து வந்த சர்க்கரை கடைக்குக் கடை மலிவாகக் கிடைத்தபின், ஒரு பிடி இனிப்புக்காக முழு மரங்களை எரித்து நான்கு நாள் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? நியூசிலாந்தில் இது கண்முன்னே நடந்தது. அங்கே தென்தீவு மாவோரிகள் மசாவேயின் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தைப் பெரும் குழிகளில் சுட்டு 'காவுரு' என்ற இனிப்பு எடுத்தார்கள். ஐரோப்பியச் சர்க்கரை வந்தபின் அது நின்றுபோனது. தென் கேன்டர்பரிப் புல்வெளிகளில் விளிம்பு மேடான வட்டப் பள்ளங்களாக அந்தக் குழிகள் மட்டும் இன்னும் கிடக்கின்றன. ஹவாயில் கிழங்கு வேறு வழியில் பிழைத்தது. வெந்த கிழங்கைப் புளிக்கவைத்துக் காய்ச்சி 'ஓகோலேஹாவ்' என்ற சாராயம் ஆக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பல்காரர்கள் விட்டுச்சென்ற இரும்புக் கொப்பரைகளில் தொடங்கிய தொழில் அது.

பெங்காவில் கிழங்கு பின்னுக்குப் போக, நடை முன்னுக்கு வந்தது. 1960களிலிருந்து விட்டி லெவுவின் தென்கரை ஹோட்டல்கள் சாவாவு ஆண்களைக் கூப்பிட்டு நடக்கவைக்கின்றன. வருமானம் ஊருக்குப் போகிறது, பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் உதவுகிறது, அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் பெரும்பாலும் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். புதிதாக வந்த சில கிறிஸ்தவச் சபைகள் இது பழைய பேய் வழிபாடு என்று எதிர்க்கின்றன, அந்தச் சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஹோட்டல் முற்றத்துக் குழி சின்னது. மாலையில் நடந்து முடித்து, இலை போட்டு, மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். பார்வையாளர்கள் கை தட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்து போகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் லோவோவில் வெந்த பன்றியும் பலுசாமியும் இருக்கும். மசாவே இருக்காது. முற்றத்துக் குழிக்குள்ளும் இல்லை.